முற்றத்து முருங்கையும் கிளினிக் குளிசையும்

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“எனக்கு 61 வயது. நீரிழிவும் பிரஷரும் உண்டு. மெற்போமின், லொசாட்டன், அற்றோவஸ்ரற்றின் ஆகிய மூன்றையும் கிளினிக்கில் பெற்று எடுத்து வருகிறேன். முருங்கையிலையில் உள்ள பொருட்கள் குருதிக்குழாய்க் கலங்களை ஒட்சியேற்றத் தாக்கத்திலிருந்து காப்பாற்றுவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள் என்று உறவினர் ஒருவர் கைபேசிக்குச் செய்தி அனுப்பியிருந்தார். முற்றத்தில் முருங்கை நிற்கும்போது குளிசை எதற்கு என்று கேட்கிறார். தினமும் காலையில் ஒரு கோப்பை இலைச்சாறு குடித்துக்கொண்டு குளிசைகளைப் படிப்படியாகக் குறைக்கலாமா? கனடாவிலுள்ள மகன் மஞ்சளிலிருந்து எடுத்த குர்க்குமின் குளிசைகளை, மிளகுச் சத்தும் சேர்ந்ததாக, இரண்டு போத்தல் அனுப்பியிருக்கிறான், அதை எடுக்கலாமா? ஆவரசம்பூத் தேநீரும் நல்லதென்கிறார்களே? முருங்கையிலைப் பொடி செய்து மகனுக்கு அனுப்பினால் பயன் உண்டா?”

அன்புள்ள ஐயா,

குளிசைகளைக் குறைக்க வேண்டாம். முருங்கையிலையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்; சாறாகக் குடிக்க வேண்டாம். மகன் அனுப்பிய போத்தலைத் திறக்காமல் வையுங்கள். இந்த மூன்றுக்கும் காரணம் சொல்லாமல் விட்டால், கற்பித்துப் பழகிய உங்களுக்கு அது மறுமொழியாக இராது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உறவினர் அனுப்பிய செய்தி பொய்யானதல்ல. முருங்கையிலை, மஞ்சள், வெங்காயம், தேயிலை, நெல்லி என்று பல தாவரங்களிலிருந்து பிரித்தெடுத்த பொருட்களைக் குருதிக்குழாய்க் கலங்களில் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் ஏராளமாக வெளிவந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ‘பாதுகாக்கிறது’ என்றே முடிகின்றன. அந்தப் பாதுகாப்பு எங்கே, எவ்வளவு செறிவில், எந்த வழியில் நிகழ்ந்தது என்பதைக் கைபேசிச் செய்தி சொல்லாது. உங்கள் கேள்விக்கான விடையோ அங்கேதான் இருக்கிறது.

குருதிக்குழாயின் உட்பக்கம் முழுவதும் ஒரேயொரு படையாக அகவணிக் கலங்கள் பரவியுள்ளன. குழாய்க்குப் பூசிய வெறும் பூச்சு என்று நெடுங்காலம் கருதப்பட்ட இந்தப் படையின் உண்மையான வேலை 1980இல்தான் வெளிப்பட்டது. அமெரிக்க மருந்தியலாளர் றொபேட் பேர்ச்கொட், முயலின் பெருநாடித் துண்டுகளில் அகவணி உரசுண்டு போயிருந்தால் அவை அசற்றைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப் பொருளுக்குத் தளர்வதில்லை என்றும், அகவணி சேதமின்றி இருந்தால் தளர்கின்றன என்றும் காட்டினார். தளர்த்தும் அந்தப் பொருள் நைத்திரிக்கு ஒட்சைட்டு என்னும் எளிய வாயு என்பது பின்னர் தெளிவானது. 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பேர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் இதற்காகவே வழங்கப்பட்டது. அகவணிக் கலங்கள் சுரக்கும் இந்த வாயு சில விநாடிகளே நிலைத்திருந்தாலும், அதற்குள் குழாயை விரிக்கிறது. குருதிச் சிறுதட்டுகள் ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கிறது. வெண்குருதிக் கலங்கள் சுவரில் ஒட்டுவதையும் குறைக்கிறது.

ஒட்சியேற்றத் தாக்கம் என்று சொல்லப்படுவது இந்த வாயுவைத்தான் முதலில் பறிக்கிறது. கலத்துக்குள் சுப்பரொட்சைட்டு என்னும் ஒட்சிசன் மூலிகம் (எதனுடனும் எளிதில் தாக்கமுறும் துணிக்கை) அளவுக்கு மீறி உண்டானால், அது நைத்திரிக்கு ஒட்சைட்டுடன் மிக விரைவாகச் சேர்ந்து, நன்மை செய்த ஒன்றைப் பேரொட்சிநைத்திரைட்டு என்னும் கேடு செய்யும் பொருளாக மாற்றிவிடுகிறது. அதோடு நிற்பதுமில்லை. நைத்திரிக்கு ஒட்சைட்டை உருவாக்கும் நொதியத்துக்குத் துணையாக நிற்கும் மூலக்கூறும் ஒட்சியேறிப் பழுதடைவதால், வாயுவைத் தரவேண்டிய அந்த நொதியமே சுப்பரொட்சைட்டைத் தரத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதைதான்.

இந்தச் சுப்பரொட்சைட்டு உங்கள் உடலில் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இரண்டு ஊற்றுகளை உறுதியாகச் சொல்லலாம். குருதியில் குளுக்கோசு கூடும்போது மற்றைய பல கலங்கள் அதை உள்ளே விடுவதைக் கட்டுப்படுத்திக் கொள்கின்றன. அகவணிக் கலங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு போதியதாக இல்லை. குளுக்கோசு தடையின்றிப் புகுந்து, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் எரிக்க முடியாத அளவை எரிக்க முயன்று, சுப்பரொட்சைட்டைக் கக்குகின்றன. மற்றையது அஞ்சியோரென்சின் என்னும் ஓமோன். குருதியமுக்கத்தைக் கூட்டும் இந்த ஓமோன், குழாய்ச் சுவரில் சுப்பரொட்சைட்டைத் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட நொதியம் ஒன்றையும் முடுக்கிவிடுகிறது. இப்போது உங்கள் குளிசைகளைப் பாருங்கள். மெற்போமின் முதலாவது ஊற்றைக் குறைக்கிறது. லொசாட்டன் அஞ்சியோரென்சின் சென்று பொருந்தும் இடத்தை மறித்து இரண்டாவதைக் குறைக்கிறது. அற்றோவஸ்ரற்றின், கொலஸ்திரோலைக் குறைப்பதற்கு அப்பால், நைத்திரிக்கு ஒட்சைட்டு தயாரிக்கும் நொதியத்துக்கும் உதவுகிறது. உறவினர் முருங்கையில் தேடுகின்ற பாதுகாப்பைக் கிளினிக்கில் தரப்படும் அந்த மூன்று குளிசைகளும் ஊற்றிலேயே செய்துகொண்டிருக்கின்றன. அவற்றை நிறுத்திவிட்டுச் சாறு குடிப்பது, ஊற்றைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கும் வேலையாகும்.

இனி ஆய்வுகூடத்துக்கு வருவோம். இத்தகைய ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுபவை, பிரசவத்தின் பின் கழிக்கப்படும் தொப்புள்கொடியின் நாளத்திலிருந்து எடுக்கப்படும் அகவணிக் கலங்கள். அவற்றைத் தட்டில் வளர்த்தால், கல் பரவிய தளம்போல ஒன்றோடொன்று நெருங்கி ஒரு படையாகப் படரும். ஒரு தொகுதித் தட்டுகளில் மட்டும் தாவரப் பொருளை முன்கூட்டியே சேர்த்து, சில மணித்தியாலங்களின் பின் எல்லாத் தட்டுகளிலும் கலங்களை ஒட்சியேற்றித் தாக்கும் ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்றுவார்கள். பாதுகாப்பில்லாத தட்டில் கலங்கள் சுருங்கி, உருண்டு, தளத்திலிருந்து கழன்று மிதக்கும். தாவரப் பொருள் இருந்த தட்டில் பெரும்பாலானவை ஒட்டியபடியே இருக்கும். எண்ணிப் பார்த்து, வித்தியாசத்தை வரைபடமாகப் போட்டால் கட்டுரை ஆயிற்று.

தாவரப் பொருள் நேரே சென்று மூலிகங்களைப் பிடித்து அழித்தது என்பது பழைய விளக்கம். இன்று அதைவிடப் பொருத்தமான விளக்கம் உண்டு. கலத்துக்குள் என்ஆர்எஃப்-2 என்னும் புரதம் ஒன்று, கீப்-1 என்னும் இன்னொரு புரதத்தின் பிடியில் எப்போதும் அடங்கிக் கிடக்கிறது. குர்க்குமின், முருங்கையிலையிலிருந்து உண்டாகும் ஐசோதயோசயனேற்று போன்றவை கீப்-1ஐச் சீண்டி அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. விடுபட்ட என்ஆர்எஃப்-2 கருவுக்குள் சென்று, கலத்தின் சொந்தப் பாதுகாப்பு நொதியங்களை ஆக்கும் பரம்பரையலகுகளை எழுப்பிவிடுகிறது. உங்கள் பகுதியில் யானை வரும் இரவுகளில், தொலைவில் எங்கோ ஒரு யானைவெடிச் சத்தம் கேட்டவுடன் காவல் கொட்டில்களில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து பந்தம் கொளுத்துவதில்லையா? தாவரப் பொருள் அந்த வெடிச் சத்தம். யானையைத் துரத்துபவர்கள் ஏற்கெனவே கொட்டிலில் இருப்பவர்களே. இந்தப் பொருட்களிற் சில, கலம் வளர்க்கும் ஊடகத்தில் தாமாகவே ஒட்சியேறிச் சிறிதளவு ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்குகின்றன என்பதும் அறியப்பட்ட ஒன்று. அதாவது, தட்டில் கண்ட ‘பாதுகாப்பில்’ ஒரு பகுதி, அந்தப் பொருளே கொடுத்த சிறு சீண்டலின் விளைவாக இருக்கலாம்.

ஆகவே அளவைக் கூட்டினால் நன்மையும் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ‘ஒட்சியேற்ற எதிர்ப்புத் திறன்’ என்று போத்தல்களில் அச்சிடப்படும் எண்ணும் அவ்வளவாக ஒன்றையும் சொல்வதில்லை. உணவுகளுக்கு அத்தகைய எண்களைத் தொகுத்து வெளியிட்டிருந்த அமெரிக்க விவசாயத் திணைக்களமே, அவற்றுக்கும் மனித உடலில் நிகழ்வதற்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று 2012இல் அந்த அட்டவணையை விலக்கிக்கொண்டது.

தட்டுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தூரம் செறிவில் தெரியும். ஆய்வுகளில் கலங்களுக்குக் கொடுக்கப்படும் அளவு பெரும்பாலும் லீற்றருக்குப் பத்து மைக்ரோமோல், அதற்கும் மேல். உணவில் இவற்றை உண்ட பின் குருதியில் காணப்படுவதோ வழக்கமாக ஒரு மைக்ரோமோலுக்கும் குறைவு. அதுவும் இலையில் இருந்த வடிவில் அல்ல. குடலிலும் ஈரலிலும் வேறு மூலக்கூறுகளுடன் பிணைக்கப்பட்டு, ஒரு பகுதி குடல் பற்றீரியாக்களால் உடைக்கப்பட்டு, முற்றிலும் மாறிய வடிவில்தான் அகவணிக் கலத்தை வந்தடைகிறது. குர்க்குமின் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மஞ்சள் தூளில் அது நிறையில் ஏறத்தாழ மூன்று சதவீதம். உண்டதில் மிகச் சிறிய பங்கே குருதியில் சேர்கிறது. இதைச் சமாளிக்கவே உங்கள் மகன் அனுப்பிய குளிசையில் மிளகின் பைப்பரினைச் சேர்த்திருக்கிறார்கள். 1998இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது குருதியில் சேர்ந்த அளவு இருபது மடங்கு கூடியது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பைப்பரின் அதைச் செய்வது, அந்நியப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் குடல், ஈரல் நொதியங்களைத் தடுப்பதன் மூலம். உங்கள் அற்றோவஸ்ரற்றினைச் சிதைப்பதும் அதே குடும்பத்து நொதியங்களே. ஒரு கதவைச் சாத்தினால் எல்லோருக்கும்தான் சாத்தப்படும். மேலும், செறிவூட்டிய மஞ்சள் குளிசைகளால் ஈரல் அழற்சி ஏற்பட்ட சம்பவங்களைத் தொடர்ந்து 2019இல் இத்தாலியச் சுகாதார அதிகாரிகள் பொதுமக்களை எச்சரித்தார்கள். அமெரிக்காவில் பதிவான இத்தகைய ஈரல் பாதிப்புகளிலும் மிளகுச் சத்துச் சேர்ந்தவை முன்னணியில் இருந்தன. இது எல்லோருக்கும் வருவதல்ல, மிகச் சிலருக்கே வருகிறது. ஏற்கெனவே அற்றோவஸ்ரற்றின் எடுக்கும் ஒருவர், உறுதியான பயன் காட்டப்படாத ஒன்றுக்காக அந்தச் சிலரில் ஒருவராகும் வாய்ப்பை ஏன் ஏற்கவேண்டும்? கறிக்குப் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை. அதைப் போட்டபடியே இருங்கள்.

மனிதரில் பெரிய அளவில் சோதித்தவை சொல்வதும் கவனிக்கத் தக்கது. இதய நோய் ஆபத்துள்ள ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு விற்றமின் ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2000இல் வந்தது. மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அதற்கு முன்பே, 1994இல், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரில் நடந்த ஆய்வில், கரட்டின் நிறப்பொருளான பீற்றா கரட்டீனைக் குளிசையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கொக்கோவிலுள்ள பிளவனோல் என்னும் தாவரப் பொருட்களைக் குளிசையாகக் கொடுத்து, 21,000க்கும் மேற்பட்டவர்களில் நடத்திய அமெரிக்க ஆய்வு 2022இல் வெளியானது. இதயக் குருதிக்குழாய் நோயால் இறந்தவர்கள் அந்தக் குளிசை எடுத்தவர்களிடையே குறைவாக இருந்தார்கள். ஆனால் ஆய்வு முதன்மையாக அளக்க முனைந்த மொத்த நிகழ்வுகளில் ஐயத்துக்கு இடமில்லாத வித்தியாசம் தெரியவில்லை. தாவரப் பொருட்களுக்கு ஆதரவாக இருக்கும் நல்ல சான்றுகளில் ஒன்றாகவே இதை நான் கருதுகிறேன். அதுவே இவ்வளவு அடக்கமாக இருக்கிறது.

இடைத்தரமான சான்றுகளும் உண்டு. கையில் பட்டியைக் கட்டி ஐந்து நிமிடம் குருதியோட்டத்தை நிறுத்தி, விட்டவுடன் நாடி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கானில் அளப்பது அகவணியின் நலத்தை அறியும் ஒரு முறை. தேநீர், கொக்கோ, கருஞ்சிவப்புப் பழங்கள் ஆகியவற்றின் பின் அந்த விரிவு ஓரிரு சதவீதப் புள்ளிகள் கூடுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எனவே உணவிலுள்ள இந்தப் பொருட்களுக்குப் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். பயன் உண்டு, சிறியது, நாளாந்தம் உண்பதால் வருவது, மருந்துக்கு மாற்றாகாதது.

இலைச்சாற்றை நான் ஏன் மறிக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் உங்கள் சிறுநீரகம். லொசாட்டன் குருதியில் பொற்றாசியத்தைச் சற்றுக் கூட்டக்கூடியது. நீரிழிவு நெடுநாள் இருந்தவர்களின் சிறுநீரகம் வெளியே தெரியாமலே தளர்ந்திருக்கலாம். வவுனியாவிலும் அதை ஒட்டிய கிராமங்களிலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயை நாம் கண்டுகொண்டிருக்கிறோம் என்பதால், வன்னியில் நீரிழிவு இல்லாதவர்களிலும் இந்த எச்சரிக்கை எனக்கு உண்டு. ஒரு கைப்பிடி இலையை வறையாக உண்பது வேறு. பல கைப்பிடி இலையை அரைத்துப் பிழிந்து, அதன் பொற்றாசியம் முழுவதையும் வெறுவயிற்றில் ஒரே மூச்சில் குடிப்பது வேறு. சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொற்றாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இதைவிடக் கடுமையான ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: சீனி குறையும் என்று யாராவது பிலிம்பிக்காய்ச் சாற்றையோ, ஐந்து விளிம்புள்ள தமரத்தங்காய்ச் சாற்றையோ பரிந்துரைத்தால் தொடவே வேண்டாம். அவற்றிலுள்ள ஒட்சலேற்று என்னும் உப்பு சிறுநீரகத்தில் படிந்து, சில நாட்களிலேயே அதைச் செயலிழக்கச் செய்த நோயாளர்களை இலங்கை வைத்தியர்களே பதிவுசெய்திருக்கிறார்கள்.

ஆவரசம்பூவைப் பொறுத்தவரை என் கருத்துப் பலருக்குப் பிடிக்காது. இலங்கை மூலிகைகளைச் சோதித்து 1981இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஆவரசிலும் கிலுகிலுப்பை இனச் செடி ஒன்றிலும் பைரோலிசிடீன் என்னும் வகை அல்கலொயிட்டுகள் (தாவர நச்சுப் பொருட்கள்) இருப்பதைக் காட்டியது. இந்த அல்கலொயிட்டுகள் ஈரலில் மாற்றமடைந்து முதலில் தாக்குவது, ஈரலின் நுண்குழாய்களை மூடியிருக்கும் அதே அகவணிக் கலங்களைத்தான்; அவை கழன்று விழுந்து சிறு நாளங்கள் அடைபடுகின்றன. குருதிக்குழாய்க் கலத்தைக் காக்கவென்று குடிக்கும் நீரில் அந்தக் கலத்தையே கொல்லும் பொருள் இருக்கலாம் என்றால், நாளாந்தம் அதைக் குடிக்கும்படி என்னால் சொல்ல இயலாது. எப்போதாவது ஒரு கோப்பை குடித்ததற்காகப் பயப்படவும் வேண்டாம். பால் சேர்க்காத, சீனி போடாத சாயத் தேநீர் உங்கள் நோக்கத்துக்குப் போதும்.

என்ன உண்பது என்று கேட்டால், உங்கள் வீட்டில் ஏற்கெனவே சமைக்கப்படுவதைத்தான் சொல்வேன். முருங்கையிலையை உருவி, கழுவி, அரிந்து, ஐந்து பத்து நிமிடம் அப்படியே விட்ட பின் வறைக்குப் போடுங்கள். அரியும்போதுதான் இலையின் நொதியம் வேலைசெய்து ஐசோதயோசயனேற்றை உண்டாக்கும், கொதிநீரில் நேரே போட்டால் நொதியம் அழிந்துவிடும். சின்ன வெங்காயத்தைக் குறைக்காதீர்கள். அதிலுள்ள குவர்சிற்றின் என்னும் பொருள் சூட்டில் எளிதில் அழிவதில்லை. வல்லாரைச் சம்பல் நல்லது, ஆனால் உப்பை அளவாகப் போடச் சொல்லுங்கள். பிரஷர் உள்ளவருக்குச் சம்பலின் உப்பு இலையின் நன்மையைத் தின்றுவிடும். கீரைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு: அவற்றிலுள்ள நைத்திரேற்றை நாக்கின் மேலிருக்கும் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாக மாற்ற, உடல் அதிலிருந்து அகவணியின் உதவியின்றியே நைத்திரிக்கு ஒட்சைட்டைப் பெறுகிறது. கிருமிகொல்லி வாய்க்கழுவியை நாளாந்தம் பாவித்தால் இந்த வழி அடைபடும். பல் வைத்தியர் சொன்னாலன்றி அது தேவையில்லை. நாவற்பழக் காலத்தில் ஒரு சிறு கிண்ணம் உண்ணலாம். பாலைப்பழமும் வீரைப்பழமும் நல்லவையே, ஆனால் பாலைப்பழத்தின் இனிப்பு உங்கள் சீனியில் தெரியும் என்பதால் பையோடு வைத்துக்கொண்டு உண்ண வேண்டாம்.

சுருட்டோ, வெற்றிலையுடன் புகையிலையோ பழக்கமிருந்தால், மேலே சொன்ன இலைகள் எல்லாவற்றையும்விட அதை விடுவதே அகவணிக்குச் செய்யும் பெரிய உதவி. கடிதத்தில் அதுபற்றி எதுவும் இல்லை, இல்லையென்றே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மகன் அனுப்பிய போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு போய், அங்குள்ள வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் குருதியில் கிரியற்றினின், பொற்றாசியம், சிறுநீரில் அல்புமின் ஆகிய மூன்றையும் அண்மையில் பார்க்கவில்லையென்றால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் ஏற்கெனவே குர்க்குமின் குளிசையைத் தொடங்கியிருந்து, சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகவோ, கண் மஞ்சளாகவோ, உடம்பில் காரணமில்லாத கடியோ (அரிப்போ) தெரிந்தால், கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மகனுக்குப் பொடி அனுப்புவதில் தடையில்லை. இளம் இலையை நிழலில் உலர்த்தி, ஈரம் சிறிதுமில்லாமல் அரைத்து, காற்றுப்புகாமல் அடைத்து அனுப்புங்கள். சோற்றிலோ சூப்பிலோ ஒரு தேக்கரண்டி போட்டால் போதும் என்று சொல்லுங்கள். அவர் குருதி உறைவதைத் தடுக்கும் வோபரின் எடுப்பவராக இருந்தால் மட்டும் அனுப்ப வேண்டாம். முருங்கையிலையில் நிறைந்துள்ள விற்றமின் கே அந்த மருந்தின் அளவைக் குழப்பிவிடும்.